மலையும் பாலமும்

பரங்கிமலையை முதன்முறை காண்போர் சற்று ஏமாற்றமடைவதுண்டு. ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள குன்றுதான் அது. ஆயினும், கடல்மட்டத்திற்கு மேல் சராசரியாக 22 அடியளவே உயர்ந்துள்ள சென்னை நகரில், அதனை மலையென அழைத்தவர்களை நாம் குறைகூற இயலாது.

வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டில் தென்னிந்திய நிலப்பரப்பை அளக்கத் தொடங்கியபோது, தமது முதல் அடிப்படைக் கோட்டை இம்மலையருகேதான் அமைத்தார். ஏழரை மைல் தொலைவுக்குச் சமதரையும், பக்கத்திலேயே ஓர் உயரமும் அவருக்கு அங்கே கிடைத்தன.

அளப்பவர்க்கு உதவிய அச்சமதரையே ஆறுகளுக்கு இடையூறாயிற்று. கூவமும் அடையாறும் போதிய சரிவின்றி மெல்ல நகர்கின்றன. முகத்துவாரத்திலோ அலைகள் மணலைக் குவித்து வழியடைக்கின்றன. பெருமழை பெய்தால் வெள்ளம் விரைந்து வடிய வழியில்லை.

ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் இதனை நன்கு உணர்ந்திருக்க வேண்டும். தோமையார் திருத்தலத்திற்குப் படிகள் அமைத்தவர் அவரே. திருப்பயணிகளாகிய நாம் அப்படிகளை அறிவோம். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726-இல் அவர் தம் சொந்தப் பொருளால் கட்டிய பாலத்தையோ மறந்துவிட்டோம். நகரிலிருந்து வருவோர் மலையேறுமுன் ஆற்றைக் கடந்தாக வேண்டுமே! எம் கருத்தில், படிகளினும் பாலமே பெரிய அறச்செயல்.

அப்பழம்பாலம் இன்றில்லை, 1960-களில் அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறிச் சைதாப்பேட்டையின் தாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்தது. மாடியுள்ளோர் மாடியேறினர், குடிசைவாழ் எளியோர் கைக்குழந்தைகளுடன் மேட்டுநிலம் தேடி நடந்தனர்.