சீட்டுக் குலுக்கி ஆயுள் பெற்ற சபை

1918-ல் இந்தியா விவகார அமைச்சர் மாண்டேகுவுக்கும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கும் ஒரு தர்மசங்கடம். முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் சிந்திய ரத்தத்துக்குக் கைம்மாறாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்தது கைமீறியும் போய்விடக் கூடாது. அதுவரை மத்தியில் இருந்தது ஒரே சபை. சேலம் விஜயராகவாச்சாரியார் போன்ற சில இந்தியர்கள் அதில் உட்கார்ந்து வாதாடுவார்கள். முடிவை வெள்ளைக்கார அரசு எடுக்கும். இனி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நிறைந்த பெரிய சபை ஒன்று வரப்போகிறது. அது அரசாங்க மசோதாவையே தோற்கடித்துவிட்டால் என்ன செய்வது?

இருவரும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பெரிய சபைக்கு மேலே 50 பேர் கொண்ட சின்ன சபை. அதில் 29 பேரை அரசே நியமிக்கும். பெரிய சபையில் வேகாத மசோதாவைச் சின்ன சபையில் வேகவைத்துவிடலாம். தாயக்கட்டையை இரண்டு பக்கமும் தானே உருட்டிக்கொள்ளும் ஆட்டம் இது. திட்டம் கப்பலேறி லண்டனுக்குப் போனது. முட்டுக்கட்டை அங்கேதான் காத்திருந்தது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கூட்டுக் குழு இதை ஏற்கவில்லை. இரண்டாவது சபை வேண்டுமென்றால் அது உண்மையான சபையாக இருக்கட்டும் என்றது. அவசரத்துக்குக் கவர்னர் ஜெனரலே கையெழுத்துப் போட்டு மசோதாவைச் சட்டமாக்கும் அதிகாரத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டது. 1919 சட்டத்தில் மேல்சபைக்கு 60 இடம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே பெரும்பான்மை. தந்திரமாகக் கருவுற்றது, லண்டன்காரர்களின் பிடிவாதத்தால் நிஜ சபையாகப் பிறந்துவிட்டது. ஆனால் யார் ஓட்டுப் போடுவது என்ற கேள்வி வந்ததும் பழைய பயம் திரும்பிவிட்டது.

நிலவரியும் வருமான வரியும் ஏராளமாகக் கட்டுகிற பெருந்தனக்காரர்கள், பல்கலைக்கழக செனட்டர்கள், இந்த மாதிரிப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் ஓட்டு. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமே வாக்காளர்கள் சுமார் 17,000 பேர்தான்! கீழ்ச்சபைக்கு ஏறக்குறைய 9 லட்சம் பேர். அதிலும் சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு மூன்று ஜில்லாக்களையும் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுதி. 1934-ல் மேட்டூர் அணை திறந்தபோது பக்கத்து மேச்சேரியில் ஆடு மேய்த்தவருக்குக் காவிரி கண்ணில் பட்டிருக்கும், ஓட்டுச்சீட்டு பட்டிருக்காது.

1927-ல் டெல்லியில் வட்டக் கட்டடம் எழுந்தது. உள்ளே மூன்று மண்டபங்கள்: கீழ்ச்சபைக்கு ஒன்று, மேல்சபைக்கு ஒன்று, மகாராஜாக்களுக்கு ஒன்று. 1929-ல் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியது கீழ்ச்சபையில். மேல்சபையில் குண்டு வீச யாருக்கும் தோன்றவில்லை. அந்த அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு. அந்தச் சபையை 1935-ல் பிரிட்டிஷார் மறுபடி கையில் எடுத்தார்கள். இந்த முறை ஒரு விசித்திரம் நடந்தது.

புதிய சட்டம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. மேல்சபையைப் பணக்கார வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்களாம்; கீழ்ச்சபையை மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுக்குமாம். கூடவே ஒரு புது விதி: மேல்சபை கலையவே கலையாது, மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் அவ்வப்போது வெளியேறுவார்கள். இத்தனையும் நடக்க சமஸ்தான மன்னர்கள் போதிய எண்ணிக்கையில் கூட்டாட்சியில் சேர வேண்டும். அவர்கள் பேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1939-ல் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். திட்டம் கிடப்பில் போனது.

பழைய சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அதற்குள் 1938-ல் ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டு நுழைந்திருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மனைவி ராதாபாய். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் நம் கொங்குச் சீமை வீட்டு மருமகள்! ஆனால் 1947 ஆகஸ்டில் சபையின் கதையே முடிந்தது. அரசியல் நிர்ணய சபை ஒன்றே நாட்டின் சட்டசபையாகவும் ஆனது. ஒரே சபையில் வண்டி ஓடுகிறதே, இரண்டாவது எதற்கு?

இரண்டாவது எதற்கு என்பதை அதற்கு முந்தைய மாதமே அரசியல் நிர்ணய சபையிலும் கேட்டிருந்தார்கள். ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற மிச்சம் என்றார்கள் எதிர்த்தவர்கள். பதில் சொல்ல எழுந்தவர் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், காஷ்மீர் திவானாக இருந்த என். கோபாலசாமி ஐயங்கார். 1947 ஜூலை 28 அன்று அவர் பெரிதாக எதையும் உரிமை கோரவில்லை. கண்ணியமான விவாதம் நடக்கும், ஆத்திரத்தில் பிறக்கும் சட்டம் கொஞ்சம் தாமதப்படும், அவ்வளவுதான் என்றார். அந்த அடக்கமே வேலை செய்தது என்பது என் ஊகம். சபை பிழைத்தது. யார் தேர்ந்தெடுப்பது?

பணக்கார வாக்காளர் பட்டியலைத் தூக்கி எறிந்தார்கள். கீழ்ச்சபைக்கு வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போடட்டும். மேல்சபைக்கு மாநில எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதிப் போடட்டும் என்று முடிவானது. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு இரண்டு இடம் என்ற சமத்துவம் இல்லை. முதல் 50 லட்சம் மக்கள்தொகை வரை 10 லட்சத்துக்கு ஒன்று, அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஒன்று. அயர்லாந்தைப் பார்த்துத் தொழில்வாரியாகச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் யோசனை ஒன்றும் வந்து மடிந்தது. அந்த இடத்தில் 12 நியமனங்கள் நின்றன. 1952-ல் அந்தப் பன்னிருவரில் ஒருவராக ருக்மிணி தேவி அருண்டேல் போனார். சென்னை மாநிலத்துக்கு 27 இடம். மொத்தம் 216 பேர் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது.

1935-ல் கருவிலேயே நின்றுபோன அந்த ‘கலையாத சபை’ விதி இதில் குடியேறியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் போக வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் வந்தவர்களாயிற்றே, முதலில் யாரை அனுப்புவது? சீட்டுக் குலுக்கினார்கள்! சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு நான்கு, அதிர்ஷ்டசாலிகளுக்கு ஆறு. அன்று குலுக்கிய சீட்டிலிருந்து தொடங்கிய சுழற்சி அது.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அப்போது சபைத் தலைவர். 1954 ஆகஸ்ட் 23 அன்று சபைக்கு ஒரு இந்திப் பெயர் சூட்டப்பட்டதாக அறிவித்தார்: ராஜ்ய சபா. நாம் மாநிலங்களவை என்கிறோம். மே மாதமே கீழ்ச்சபை லோக் சபா ஆகியிருந்தது. பெயர் கிடைத்தாயிற்று, இனி யார் எந்த வாசல் வழியாக வருவார்கள்?

1962-ல் காஞ்சிபுரம் வாக்காளர்கள் அண்ணாவைத் தோற்கடித்தார்கள். ஆனால் சட்டசபையில் தி.மு.க.வுக்கு 50 இடம் கிடைத்திருந்தது. அந்த எம்.எல்.ஏ.க்களின் ஓட்டில் அதே ஆண்டு அண்ணா டெல்லிக்குப் போய், மாநிலங்களவையின் கவனத்தையே தன் பக்கம் திருப்பினார். பெருந்தனக்காரர்களின் மண்டபத்தில் திராவிட நாடு பேசப்பட்டது!

இன்று மேச்சேரி இருப்பது சேலம் மாவட்டத்தில்; சட்டமன்றத்துக்கு மேட்டூர், மக்களவைக்குத் தருமபுரி. மக்களவைக்கு இங்குள்ளவர் நேரடியாக ஓட்டுப் போடுகிறார். மாநிலங்களவைக்கு அவருக்காக ஓட்டுப் போடுவது அவர் அனுப்பிய மேட்டூர் எம்.எல்.ஏ. தமிழகத்தின் 18 இடங்களில் 6 ஒன்றாகக் காலியானால், 234 பேரில் 34 பேரின் முதல் விருப்பம் கிடைத்தவர் ஜெயிப்பார். மேச்சேரிக்காரரின் ஓட்டு ரகசியம். அவர் அனுப்பிய எம்.எல்.ஏ.வோ, 2003-ல் வந்த திருத்தத்தின்படி, ஓட்டுச்சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.