வில்லன் வளர்ந்த வரலாறு

நாவலையும் நாடகத்தையும் நுணுகி ஆராயும் நாம், கதை கூறும் வீடியோ விளையாட்டுகளைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், ஆடுவோனே கதைத்தலைவனின் வேடமேற்று, ஊர் ஊராய்ச் சென்று போரிட்டு வலிமை பெறும் ஜப்பானிய விளையாட்டுகளில், வில்லனைப் படிப்படியாக வளர்த்துக் காட்டும் முறைக்குத் தனி வரலாறு ஒன்று உண்டு.

1986-இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' அதன் தொடக்கப்படிகளுள் ஒன்று. ஹொரி யூஜி என்பார் வடிவமைத்த அவ்விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நீண்ட உரையாடலுக்கு அதில் ஏது இடம்? எனவே, தலைவன் அரசன் கோட்டையை விட்டு வெளிவந்ததுமே, நீருக்கப்பால் டிராகன் அரசனின் கோட்டை தெரியுமாறு வைத்துவிட்டனர். நாலடித் தூரந்தான்; ஆனால் பாலம் இல்லை. அதை உண்டாக்கும் பொருளுக்காக நாடெங்கும் அலைய வேண்டும். வில்லன் வாய் திறவாமலே கதைக்கு ஒரு திசை கிடைத்துவிடுகிறது.

1997-இல் ஸ்குவேர் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி' ஏழாம் விளையாட்டில் இம்முறை நன்கு முதிர்ந்தது. அதன் வில்லன் செஃபிரோத். சிறையில் அடைபட்ட தலைவன் கிளவுட் கண்விழிக்கும்போது கதவு திறந்து கிடக்கிறது. காவலன் மாண்டு கிடக்கிறான். இரத்தச் சுவட்டைப் பின்பற்றி மேல்மாடிக்குச் சென்றால், ஷின்ரா நிறுவனத் தலைவரின் முதுகில் நீண்ட வாள் ஒன்று பாய்ந்திருக்கிறது. கொன்றவனையோ காணோம்.

பின்னர் கிளவுட் கூறும் பழங்கதையில் செஃபிரோத் உடன் வருகிறான். கிளவுட்டை ஒரே அடியில் வீழ்த்தும் டிராகன், அவனை ஒன்றும் செய்ய இயலவில்லை. அடுத்து வரும் சதுப்பு நிலத்தில் பெரும் பாம்பு ஒன்று திரிகிறது. அந்நிலையில் அதை வெல்வது அரிது. பறவை மீதேறிக் கடப்பதே வழி. கடந்து அக்கரை சேர்ந்தால், அதே இனத்துப் பாம்பொன்று மரத்தில் குத்திக் கோக்கப்பட்டுத் தொங்குகிறது! நாவலாசிரியன் 'அவன் மாவீரன்' என்று எழுதினால் நாம் நம்பியாக வேண்டும். இங்கோ ஆடுவோன் அப்பாம்புக்கு அஞ்சி ஓடி வந்தவன். வில்லனின் வலிமையைத் தன் வலியின்மை கொண்டே அளந்துகொள்கிறான்.

ஆனால் இவ்விளையாட்டில் குறை ஒன்றும் உண்டு. செஃபிரோத் வரவழைத்த விண்கல் உலகை அழிக்க வானில் தொங்குகிறது. ஆடுவோனோ கேளிக்கை நகரில் பறவைப் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கலாம். விண்கல்லும் பொறுமையாகக் காத்திருக்கும்! கட்டிய அச்சமெல்லாம் இவ்விடத்தில் தளர்ந்துபோகிறது.

இக்குறைக்கு மூன்றாண்டு முன்னரே, அதே நிறுவனத்தார் ஆறாம் விளையாட்டில் விடை கண்டிருந்தனர் என்பேன். அதில் வரும் கெஃப்கா, காலணியில் மணல் ஒட்டியதென்று சிப்பாய்களைத் துடைக்கச் சொல்லும் கோமாளியாகவே அறிமுகமாகிறான். நகைப்புக்குரிய அவன், பின்பு கோட்டையொன்றின் நீரில் நஞ்சு கலக்கிறான். தன் பேரரசனையும் கொன்று, கதையின் நடுவிலேயே உலகைச் சிதைத்துவிடுகிறான். வென்றுவிட்டவனுக்கு அவசரமில்லை. ஓராண்டு கழித்து, சிதறிய தோழர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்ப்பதே எஞ்சிய கதை. எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்பதும் இல்லை. வான்கப்பல் கிடைத்தபின், மூன்று பேருடனே கூட கெஃப்காவின் கோபுரத்துக்குப் போகலாம். இங்கே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு தோழனுக்காகத் தாமதிக்கும் நாள்.