அக்குறணை வணிகரும் கடன் கொப்பியும்: மலைநாட்டு வணிக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பேராதனையிலிருந்து கண்டி நகரைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தையும் தாண்டி மாத்தளைப் பெருந்தெருவில் செல்வோர், சிறிது நேரத்தில் அக்குறணைக் கடைவீதியை அடைவர். தெருவின் இருமருங்கும் நெருங்கி நிற்கும் கடைகள். அவற்றின் பின்னால் பிங்கா ஓயா. அதற்கும் அப்பால் மிளகுக் கொடியும் கராம்பும் பாக்கும் செறிந்த மலைச்சரிவுகள். இவ்வூர் முஸ்லிம்களைப் பற்றிப் பேச்செழுமிடத்து, "அவர்கள் பிறவி வணிகர்கள், வியாபாரம் அவர்களுக்கு இரத்தத்தில் ஊறியது" என்ற கூற்றைக் கேளாதார் அரிது. பாராட்டாகவும் இது கூறப்படும், பழியாகவும் கூறப்படும். வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்வதற்கில்லை. முதலை எங்கே பெறுவது, சரக்கை எவ்வாறு கொண்டுசெல்வது, எவர்க்கு எந்நிபந்தனையில் விற்பது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக விடைகாண நேர்ந்த வரலாறே அங்குள்ளது. இன்று நம் விரிவுரை மண்டபங்களில் நிதி, முகாமைத்துவம், சந்தைப்படுத்தல் என்று பெயரிட்டுக் கற்பிக்கப்படுவனவும் இவையே.

கண்டி இராச்சியத்திற் குடிகள் பெரும்பாலும் நிலத்தின் பொருட்டு அரசனுக்கு ஊழியம் செய்தனர். அவ்வமைப்பில் முஸ்லிம்களிற் பலர் 'மடிகே பத்த' எனப்பட்ட போக்குவரத்துப் பகுதியிற் சேர்க்கப்பட்டனர். பொதிமாடுகளைக் கொண்டு அரசனுக்குரிய பண்டங்களைச் சுமப்பது அவர்தம் கடமை. தவளம் என வழங்கிய இப்பொதிமாட்டுக் கூட்டங்கள் மலைநாட்டின் பாக்கையும் மிளகையும் புத்தளம் முதலான கரையோரப் பகுதிகளுக்குக் கொண்டுசென்று, உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றோடு மீண்டன. இவற்றுள் உப்பே தலையாயது; மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. உப்பளங்களையும் துறைமுகங்களையும் ஒல்லாந்தர் தம் பிடிக்குள் வைத்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் கண்டியரசனுக்குக் கரையோரமே இல்லாதொழிந்தது. அக்காலத்தில், எல்லையின் இருபுறமும் மொழியும் உறவும் உடைய ஒரு கூட்டத்தார் அரசனுக்கு எத்துணை தேவைப்பட்டிருப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, மலைநாட்டு முஸ்லிமின் வணிகம் இரத்தத்திலிருந்து ஊறியதன்று; அரச ஊழிய முறைமையின் பயனாய்ப் பிறந்ததென்பதே பொருந்தும்.

அக்காலக் கொடுக்கல் வாங்கல் பற்றி நமக்குக் கிடைக்கும் சுவையான சான்று ஓர் ஆங்கிலக் கைதியினுடையது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்தார். பின்னர்ச் சில்லறைச் சரக்குகளைத் தூக்கிக்கொண்டு ஊரூராய்த் திரிந்தார். நெல்லுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டியென்பது நாட்டு வழக்கமென்று அவர் எழுதுகிறார். வட்டி அத்துணை உயர்ந்திருந்தமைக்குக் காரணம் பேராசை மட்டுமன்று. விதைப்புக் காலத்தில் நெல்லும் காசும் அரிதாயிருந்தமையே. அங்காடிப் பொதியைச் சுமந்தவனை எவரும் ஐயுறார் என்பதைக் கண்டுகொண்ட நொக்ஸ், ஈற்றில் வியாபாரியாய் நடந்தே வடக்கு நோக்கித் தப்பியோடினார் என்பது வேறு கதை. எனினும் நம் பொருளுக்கு அது புறம்பானதன்று. பொதிசுமந்து வரும் வியாபாரி கிராமத்தில் எதிர்பார்க்கப்பட்ட விருந்தினன் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் அராபியர் மூவர் கண்டிப் பெண்களை மணந்து இவ்வூரிற் குடியேறினர் என்பது அக்குறணையின் தோற்றம் பற்றி வழங்கும் மரபு. இத்தகைய ஊர்மரபுகளையும் காணி வழக்குகளையும் லோரி என்னும் நீதிபதி, மத்திய மாகாணம் பற்றி 1896இலும் 1898இலும் வெளிவந்த தம் அகராதியில் திரட்டித் தந்துள்ளார். மரபின் உண்மை பொய்யை இங்கு ஆராயப் புகவில்லை. மரபு சொல்லும் மணவுறவின் குறிப்பே கருத்திற்கொள்ளற்பாலது: வந்தேறி ஒருவன் மண்ணோடு உறவுகொண்டாலன்றி இம்மலையில் வணிகஞ் செய்ய இயலாது என்பதை ஊரார் தாமே உணர்ந்திருந்தனர்.

1815இற் கண்டி வீழ்ந்தது. இராசகாரிய ஊழியம் 1830களில் ஒழிக்கப்பட்டபோது பொதிமாட்டுக்காரன் அரச கடமையினின்றும் விடுபட்டான். ஆயின் அரச பாதுகாப்பையும் இழந்தான். கொழும்புக்கும் கண்டிக்கும் பெருந்தெரு அமைந்து, கோப்பித் தோட்டங்கள் மலைகளிற் பரவியதும் மாட்டுவண்டிகள் பெருகின. 1867இல் இருப்புப்பாதை கண்டியை எட்டியது. 1880இல் மாத்தளை வரை நீண்டது. இவ்விடத்து ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். மாத்தளைப் பாதை வத்துகாமத்தின் வழியே சென்றது. அக்குறணையை அது தொடவில்லை. இருப்புப்பாதை ஒதுக்கிவிட்ட ஊர்கள் பல நலிந்தொழிந்திருக்க, அக்குறணை தெருவைப் பற்றிக்கொண்டு நின்றது. தெருவோர ஊரின் வணிகனுக்குப் புகையிரத நிலையத்துக் களஞ்சியமும் தரகனும் இல்லை. தன் வண்டியும், பிற்காலத்தில் தன் லொறியும், பிற ஊர்களிற் கடைவைத்த உறவினருமே அவனுடைய விநியோக அமைப்பு. அக்குறணையார் நாட்டின் பல பாகங்களிலும், குறிப்பாகச் சிங்களக் கிராமச் சந்திகளிலும், சென்று கடைபரப்பியமைக்கு இதுவும் ஒரு காரணமெனல் தகும்.

இனி, முதல் பற்றிய வினாவுக்கு வருவோம். இதுவே மூன்றினுள்ளும் கடினமானது. பிரித்தானியர் காலத்து வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்குமாக அமைந்தவை. உள்ளூர்ச் சில்லறை வணிகன் அவற்றின் வாயிலையும் மிதித்ததில்லை. இடையில் நின்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் மாதந்தோறும் நடப்பு வட்டி நிர்ணயமாகும். வங்கியிற் குறைந்த வட்டிக்குப் பெற்ற பணம் அங்கிருந்து உண்டியலாகவும் கைமாற்றாகவும் மலைநாட்டுக் கடைகள் வரை இறங்கும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் ஊர்க்கடைவரை அதிர்ந்தது. கோப்பியை 1869 முதல் அரித்த இலைநோயின் விளைவாக 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, அவ்வங்கியின் தாள் நாணயம் வெறுங் காகிதமாகுமோ என்று நாடே கலங்கியது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரச உத்தரவாதம் அளித்ததனாற் பெருங்கேடு தவிர்ந்தது. 1925இல் செட்டியார் கம்பனி ஒன்றன் வீழ்ச்சியையொட்டி வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன்கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. பின்வந்த உலகப் பொருளாதார மந்தத்திற் கடன்பட்டோரின் நிலங்கள் பல செட்டியார்களின் கைக்கு மாறின. சொறாப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934இல் இந்நிலையை ஆராய்ந்து, உள்நாட்டார்க்குரிய வங்கியொன்றை வேண்டியது. இலங்கை வங்கி 1939இல் திறக்கப்பட்டது.

அக்குறணை வணிகனுக்கோ மற்றுமொரு சிக்கல் இருந்தது. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. வட்டியின்றி முதல் திரட்டுவதற்கு இஸ்லாமிய வணிக மரபு தந்த வழி முளாறபா எனும் கூட்டு: ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இடுவர், இலாபம் பேசிய விகிதப்படி பிரியும், நட்டம் வந்தாற் பணமிட்டவரையே சாரும். இவ்வமைப்பிற்கு ஆதாரம் நம்பிக்கை. ஆதலின் கூட்டாளி பெரும்பாலும் மைத்துனனாகவோ மருமகனாகவோ இருந்தான். கடைப்பையனாய்ச் சேர்ந்தவன் சில ஆண்டுகளிற் பங்காளியாகி, பின் தனிக்கடை வைப்பதும் இவ்வழியே. குடும்பம் என்பது இங்கு உறவு மட்டுமன்று. வங்கியும் பயிற்சிக்கூடமும் அதுவே. ஆயினும் இதே குடும்பம் முதலைச் சிதறவும் செய்தது. வாரிசுரிமைச் சட்டப்படி, 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைக் கட்டளைச் சட்டமும் உறுதிசெய்தவாறு, தந்தையின் சொத்து மனைவிக்கும் மக்களுக்கும் வகுத்த பங்காகப் பிரிதல் வேண்டும். நீதியென்ற அளவில் இது மேலானது; பெண்மக்களுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு கடை ஐந்து பங்காகும்போது சரக்கு பிரியும், வாடிக்கை பிரியாது. நூற்றாண்டைக் கடந்து நிலைத்த பெருநிறுவனங்கள் இத்தகைய ஊர்களில் அதிகம் தோன்றாமைக்குத் திறமைக் குறைவைக் காரணங்காட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மூன்றாவது வினா வாடிக்கையாளர் பற்றியது. கடன் கொப்பியின் இடம் இதுவே. மலைச்சரிவுக் கமக்காரனுக்குக் கையிற் காசு வருவது மிளகு, கராம்பு, பாக்கு விற்கும் காலத்தில் மட்டுமே. எஞ்சிய மாதங்களில் அரிசியும் மண்ணெண்ணெயும் துணியும் கொப்பியில் எழுதப்பட்டுப் போகும். அறுவடையின்போது விளைச்சல் அக்கடைக்கே வரும். சில வேளை பூ விடும்போதே மரத்தோடு விலைபேசி முற்பணம் கொடுப்பதுண்டு. இதில் வணிகனின் இலாபத்தை மட்டும் காண்போர் அவனுடைய இடரைக் காண்பதில்லை. பச்சை மிளகு நூறு இறாத்தலைக் காயவைத்தால் ஏறக்குறைய முப்பத்துமூன்று இறாத்தலே தேறும். மழை தொடர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கராம்போ ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு பொய்க்கும் இயல்பினது. விலையை நிர்ணயிப்பது கொழும்பும் அதற்கப்பால் வெளிநாட்டுச் சந்தையும். ஆக, ஏட்டில் வரவேண்டிய கடனும், களஞ்சியத்திற் காயும் மிளகும், கொழும்பில் தான் கொடுக்கவேண்டிய துணிக்கடனும் என்னும் மூன்றும் ஒரே மாதத்தில் ஒத்துவரவேண்டும். ஒத்துவராத மாதத்தில் கடை மூடப்படும். கைமுதற் சுழற்சி என்று பாடநூல்கள் விரித்துரைப்பதை இவ்வணிகன் கடன்காரன் வாசலில் வந்து நிற்கக் கற்றுக்கொண்டான்.

கடன் கொப்பி உறவையும் வளர்த்தது, பகையையும் வளர்த்தது. மரணவீட்டுச் செலவுக்குக் கடன் கொடுத்தவனை மக்கள் நன்றியோடு நினைப்பர். அதே கடனை அறுவடையிற் கழிக்கும்போது அவன் நிறுவையில் ஐயங்கொள்வர். போர்க்கால விலையேற்றம் வந்தபோது இவ்வையம் வேறு வடிவெடுத்தது. 1915 மே 28ஆம் நாளிரவு வெசாக் ஊர்வலத்தையொட்டிக் கண்டி நகரில் மூண்ட கலவரம் சில நாட்களிற் பல மாகாணங்களுக்கும் பரவியது. கம்பளைப் பெரகரா வழக்கு மூட்டிய சமயப் பிணக்கு அதன் ஒரு வேர். சில்லறை வணிகத்தில் மேலோங்கியிருந்த கரையோரச் சோனகர்மீது கொண்ட பொருளாதாரக் காழ்ப்பு மற்றொரு வேர். ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன்கீழ் நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்துப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் வாதாடியமை யாவரும் அறிந்ததே. சேதத்திற்கு ஈடாகச் சிங்கள மக்களிடம் வரி அறவிடப்பட்டது. ஆற்றவேண்டிய புண்ணை அது மேலும் கிளறியது. கலவரத்தை ஆராய்ந்தோர் அரசியலையும் சமயத்தையும் விரிவாக எழுதியுள்ளனர். நம் நோக்கில் ஒரு சிறு செய்தியும் உண்டு. கடை எரியும்போது கொப்பியும் எரிகிறது. சரக்கின் நட்டத்தைக் கணக்கிட்டு ஈடு கேட்கலாம். ஊரெங்கும் நிற்கும் கடனுக்குச் சான்று ஏது? கடன்பட்டவன் வந்து சொன்னாலன்றி அது இல்லாத பணமே.

சுதந்திரத்தின் பின்னரும் இடர் அரசியலின் வழியாகவே பெரிதும் வந்தது. 1970இல் ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டபோது, வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாது வீட்டிற் காசு வைத்திருந்த வணிகர் வரிசையில் நிற்க நேர்ந்தது. அப்பத்தாண்டின் முற்பாதியில் இறக்குமதிகள் இறுக்கப்பட்டன. துணி இறக்குமதி 'சலுசல' என்னும் அரச நிறுவனத்தின் பொறுப்பிற் குவிந்தது. அரிசி கொண்டுசெல்வதற்கும் தடைகள் இருந்தன. அன்று வணிகனின் திறமை வாடிக்கையாளரைக் கவர்வதிலன்று, அனுமதிப்பத்திரம் பெறுவதில் அளக்கப்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரம் நிலைமையை ஒரேயடியாகத் தலைகீழாக்கியது. பதின்மர் விற்ற இடத்தில் நூற்றுவர் விற்கத் தொடங்கினர். விற்பனைக்குச் சரக்கில்லை என்ற கவலை போய், சரக்கை வாங்க ஆளில்லை என்ற கவலை வந்தது. வட்டியில்லா வங்கிமுறைக்குச் சட்டம் 2005இல் இடந்தந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. குடும்பக் கூட்டில் நூற்றாண்டுகளாய் நடந்துவந்த முளாறபா இப்போது அச்சிட்ட படிவங்களில் ஏறியது. தெரிந்தவன் என்பதற்காக முதலிட்ட மாமனின் இடத்தில், ஐந்தொகையும் பிணையும் கேட்கும் உத்தியோகத்தர் அமர்ந்திருந்தார். இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. மாமனில்லாதவனுக்கும் அங்கு வழியுண்டு.

இன்றும் பிங்கா ஓயா பெருகும்போது அக்குறணைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுகிறது. ஓடையைக் குறுக்கி எழுந்த கட்டடங்களும் அதற்குப் பொறுப்பென்பதை ஊரார் மறுப்பதில்லை. தெருவை முகமாகக் கொண்ட ஊர் ஓடையை முதுகாகக் கொண்டது. நிலவிலை ஏற ஏற முதுகும் கடையாயிற்று. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்செயல் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளையும் தாக்கியபோது மீண்டும் கடைகள் எரிந்தன. நூற்றுமூன்று ஆண்டுகளின் பின்னரும் எரிந்தவை சில்லறைக் கடைகளே என்பது வரலாற்று மாணவனைத் திகைக்கவைக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அக்கடைகளின் கொப்பிகளிற் கடன்பெற்றோர் பெரும்பாலும் அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவரே.

பின்னர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. ஏறக்குறைய இருநூறு ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. கடன் கொப்பியில் எழுதிய விலைக்கும் அச்சரக்கை மறுபடி கொள்முதல் செய்யும் விலைக்குமிடையே பெரும் பள்ளம் விழுந்தது. பழைய விலைக்கு வாங்கினால் கடைக்காரன் வீழ்வான். புதிய விலை கேட்டால் வாக்குத் தவறியவனாவான். ஒரு தொகையை விட்டுக்கொடுத்துக் கணக்கை மூடுவதும், மிகுதியை மிளகாகப் பெற்றுக்கொள்வதும் என்னும் நொக்ஸ் காலத்துப் பண்டமாற்றையொத்த வழிகள் இரண்டே அவனுக்கு எஞ்சின. மிளகு ஏற்றுமதிப் பண்டமாதலின் அதன் விலை டொலரோடு ஏறும். கொப்பியில் எழுதிய ரூபா ஏறாது.