உலோகமும் சவ்வும் கூடிய வரலாறு

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் பிரியும் என்பதை மாணவர்கள் அறிவர். அவ்விரண்டையும் மீண்டும் கூட்டி மின்சாரத்தைப் பெறலாகுமா? ஆகும் என்று 1839-ஆம் ஆண்டிலேயே காட்டியவர் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர். அமிலத்தில் ஒரு பகுதியும் வாயுவில் ஒரு பகுதியுமாக நின்ற பிளாட்டினத் தகடுகளே அவருடைய கருவி.

வாயு, அமிலம், உலோகம் ஆகிய மூன்றும் கூடும் முச்சந்தியில்தான் வினை நிகழும். தகட்டின்மீது அம்முச்சந்தியோ மெல்லியதொரு கோடு. ஆகவே, கிடைத்த மின்சாரமும் சொற்பமே. அக்கோட்டை எவ்வாறு விரிப்பது? பின்வந்தோர் முன் நின்ற வினா இதுவே.

1955-இல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் கிரப், திரவ அமிலத்தை விடுத்து, அமிலத் தன்மை ஏற்றப்பட்ட பாலிஸ்டைரீன் சவ்வைக் கையாண்டார். மூன்றாண்டு சென்றபின், அவருடன் பணியாற்றிய லியோனார்டு நீட்ராக் அச்சவ்வின் மீதே பிளாட்டினத்தைப் படியவைக்கும் வழியைக் கண்டார். 1965 ஆகஸ்டில் ஏறக்குறைய எட்டு நாட்கள் விண்ணில் சுழன்ற ஜெமினி-5 கலத்துக்கு மின்சாரம் அளித்தது இவ்வகை மின்கலமே.

ஆயினும் பாலிஸ்டைரீன் நெடுநாள் தாங்கவில்லை. அதிலுள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆக்சிகரணம் அரித்தது. டூபாண்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான் என்னும் சவ்வில் அவற்றுக்கு ஈடாக உறுதிமிக்க கார்பன்-புளோரின் பிணைப்புகள் அமைந்தன. சவ்வின் ஆயுளும் நீண்டது.

எஞ்சியது செலவு. கரித்தூள்மீது பிளாட்டினத்தை நுண்துகள்களாகப் பரப்பினர். எலெக்ட்ரான் கரி வழியே செல்லும். ஹைட்ரஜன் அயனியோ சவ்வுப் பொருள் வழியேதான் செல்லும். ஆதலால், சவ்வைத் தொடாத துகள் எத்தனை இருந்தும் வீணே. 1986-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இயன் ரெய்ஸ்ட்ரிக் நாஃபியானைக் கரைசலாக்கி மின்முனைக்குள் ஊறச் செய்தார். தொடாத துகள்களையும் அது தொட்டது. சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் தேவைப்பட்ட பிளாட்டினம் 0.4 மில்லிகிராமாகக் குறைந்தது. 1992-இல் அங்கேயே வில்சனும் காட்டெஸ்ஃபெல்டும் கரித்தூளையும் கரைசலையும் முன்னரே மைபோலக் குழைத்து, 10 மைக்ரானுக்கு மேற்படாத படலமாக்கிச் சவ்வோடு ஒட்டினர்.

ஹைட்ரஜனால் ஓடும் இன்றைய மோட்டார் வண்டிகளில் உள்ளது இம்மரபில் வந்த படலமே. குரோவின் தகட்டில் ஒரு கோடாகக் கிடந்த முச்சந்தி, அதன் உட்புறம் எங்கும் பரவி நிற்கிறது.