கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்!

மண்டபம் பெரிதாக இருக்கும், ஒலிபெருக்கியும் முழங்கும். ஆனால், மேடையில் பேசுபவர் என்ன சொல்கிறார் என்பது பின்வரிசையில் அமர்ந்திருப்போருக்குப் புரியாது. பழி ஒலிபெருக்கியின் மீது விழும். பல வேளைகளில் உண்மையான காரணம் சுவரும் கூரையும்தான். ஒலி அவற்றில் பட்டு மீண்டும் மீண்டும் திரும்பி வரும்போது, ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து கலந்துவிடுகிறது.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரை அறை ஒன்றுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. அங்கே பேசிய ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கும் மேல் பிடித்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், அரங்கு ஒன்றின் இருக்கை மெத்தைகளை அறைக்குள் கொண்டுவந்து அடுக்கி, ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். அறையின் கொள்ளளவும் ஒலியை உறிஞ்சும் பரப்பும் தெரிந்தால், ஒலி நீடிக்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம் என்று கண்டுபிடித்தார். அந்தக் கணக்கைக்கொண்டு உருவான பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

எனினும், கணக்கு கொடுத்தது எண் மட்டுமே. காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை அது சொல்லவில்லை. 1962இல் திறக்கப்பட்ட நியூயார்க் பில்ஹார்மோனிக் மண்டபம் இதற்குச் சான்று. ஒலியியல் வல்லுநர் லியோ பெரானெக் 54 அரங்குகளை ஆராய்ந்து ஆலோசனை வழங்கியிருந்தார். ஆனால், கூடுதல் இருக்கைகளுக்காக அரங்கின் வடிவம் மாற்றப்பட்டது. விளைவு, ஏமாற்றம்! தாழ்ந்த சுரங்கள் எடுபடவில்லை. இசைக்கலைஞர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 1976இல் உட்பகுதி முழுவதும் மாற்றிக் கட்டப்பட்டது. அதுவும் போதாமல், சுமார் 55 கோடி டாலர் செலவில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது.

காதால் கேட்டே முடிவு செய்யும் முயற்சி ஜெர்மனியில் முன்பே தொடங்கியிருந்தது. 1934இல் ஃபிரிட்ரிக் ஸ்பான்டோக், அறையை ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரியாக அமைத்தார். அதற்குள் ஒலியை ஐந்து மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து, பின்னர் வேகத்தைக் குறைத்துக் கேட்டார். 1968இல் நார்வே ஆய்வாளர்கள், ஒலி சுவருக்குச் சுவர் தாவும் பாதைகளைக் கணினியில் கணக்கிட்டனர்.

எதிரொலியே இல்லாத அறையில் பதிவு செய்த இசையுடன் கணினி தரும் எதிரொலியைச் சேர்த்தால், இன்னும் கட்டப்படாத அரங்கின் எந்த இருக்கையிலும் ‘அமர்ந்து’ கேட்கலாம். ஆயினும் கணினியை மட்டுமே நம்பிவிடுவதில்லை. 2003இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் வால்ட் டிஸ்னி அரங்கிற்கும் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்து சோதித்தனர்.

ஒலியியல் எண்கள் வல்லுநருக்குத்தான் விளங்கும். பணம் போடுபவருக்கும் இருக்கைகளைக் கூட்டச் சொல்பவருக்கும் காது இருக்கிறது. நியூயார்க்கில் அன்று அவர்களுக்குக் கேட்டுப் பார்க்க வழி இல்லை, இன்று இருக்கிறது. கட்டிய பிறகு இடிப்பதைவிட, கட்டுவதற்கு முன் காதுகொடுப்பது சிக்கனமல்லவா?