குத்தகைப் பாக்கியிற் பிறந்த சொல்

1931இல் யாழ்ப்பாணம் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததை நாம் அறிவோம். பகிஷ்காரத்தைக் குறிக்கும் 'பாய்கொட்' என்னும் ஆங்கிலச் சொல் ஒரு குத்தகைப் பூசலிற் பிறந்ததென்பதைப் பலர் அறியார்.

1880இல், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், விளைவு குன்றிய குடியானவர் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டினர். ஏர்ன் பிரபு 10க்கு மேல் இசையவில்லை. பாக்கிக்காரரைக் குடியெழுப்பும் அறிவித்தல்களைப் பிரபுவின் முகவரான கப்டன் பாய்கொட் அனுப்பினார். கொண்டுவந்தவனைப் பெண்கள் சேறும் கல்லும் எறிந்து விரட்டினர். பார்னலின் பேச்சை வியப்போர் இப்பெண்களையும் நினைத்தல் வேண்டும்.

பின்னர் அவர் வயலில் ஊரார் இறங்கவில்லை. கடைக்காரர் பண்டம் விற்கவில்லை. வெளியூரார் ஐம்பதின்மர், ஏறத்தாழ 1,000 படைவீரர் காவலில் அறுவடை செய்தனர். 500 பவுண் விளைவுக்குச் சுமார் 10,000 பவுண் செலவு! டிசம்பரில் பாய்கொட்டே நாட்டைவிட்டு நீங்கினார்.

நியாயக் குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும் சட்டம் 1881இல் வந்தது. ஆனால் பாக்கியுள்ளோர் அதனை நாட முடியவில்லை. அவர்களுக்காக 1882இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.