ஊர் மாறினாலும் வறுமை மாறாதது ஏன்? கண்ணகி நகர் முதல் ஹேடோ வரை

சென்னையில் கப்பல் ஏறினால் சுமார் மூன்று நாளில் அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் இறங்கலாம். தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) ஒரு பகுதி அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். பிழைப்பு தேடி வந்தவர்களின் குடும்பங்கள் இதில் ஏராளம்.

"ஊரை விட்டு நகரத்துக்குப் போனா கஷ்டம் தீர்ந்துடும்" என்பது பழைய நம்பிக்கை. ஆனால் நகரத்துக்கு வந்த பிறகும் பல குடும்பங்களில் வறுமை தலைமுறை தாண்டித் தொடர்கிறது. ஏன்? சமூகவியல் சொல்லும் மூன்று விளக்கங்கள் இங்கே.

1. பழக்கவழக்கம்தான் காரணமா?

அமெரிக்க மானுடவியலாளர் ஆஸ்கர் லூயிஸ், மெக்சிகோ குடும்பங்களை ஆய்வு செய்து, 1959-இல் 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தை முன்வைத்தார். வறுமையைச் சமாளிக்க உருவாகும் பழக்கங்கள் பிள்ளைகளுக்கும் கடத்தப்படுகின்றன என்றார் அவர்.

"அவங்களுக்குச் சேமிக்கவே தெரியாது" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது இதன் மலிவான வடிவம். லூயிஸ்கூட அந்தப் பழக்கங்களை, சமூகம் ஒதுக்கிவைத்ததற்கான எதிர்வினையாகத்தான் பார்த்தார். யோசிச்சுப் பாருங்க: நாளைக்கு வேலை இருக்குமா என்றே தெரியாத தினக்கூலித் தொழிலாளி எப்படி மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுவார்?

2. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்

சிகாகோவை ஆராய்ந்த சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன், 1987-இல் வேறு விளக்கம் தந்தார். தொழிற்சாலைகள் நகரின் உட்பகுதியை விட்டுப் போயின. வசதி உள்ளவர்களும் வெளியேறினார்கள். மிஞ்சியவர்களுக்கு வேலையும் இல்லை, வேலை பற்றித் தகவல் சொல்லும் ஆட்களும் இல்லை.

சென்னையில் நடந்தது தலைகீழ். இங்கே மக்களை இடம் மாற்றினார்கள். 2000 முதல் நகரின் மையப் பகுதிக் குடிசைவாசிகள் பலர், ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூரை கிடைத்தது, ஆனால் வீட்டுவேலை செய்த பெண்களுக்குப் பழைய வேலை தூரமானது. கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போனது. முகவரியைப் பார்த்ததும் வேலை தரத் தயங்குவதாக அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

உங்கள் முதல் வேலை 'ரெஃபரல்' மூலம் கிடைத்ததா? அந்த வகைத் தொடர்புதான் இவர்களுக்கு அறுந்து போகிறது.

3. எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள்?

இந்த விளக்கத்துக்கு ஹேடோவுக்குத் திரும்ப வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலம், யூனியன் பிரதேச வாரியாக அறிவிக்கப்படுபவை. அந்தமான் நிக்கோபாருக்குப் பட்டியல் சாதி என்ற பட்டியலே கிடையாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்பவர், சொந்த மாநிலத்தின் தகுதியை அங்கே கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து மரம் வெட்டக் கொண்டுவரப்பட்ட 'ராஞ்சி' தொழிலாளர்களின் வாரிசுகளுக்கும் இதே சிக்கல். ஜார்க்கண்டில் ஒராவன், முண்டா, காரியா ஆகியோர் பழங்குடிகள். தீவுகளின் பட்டியலிலோ நிக்கோபாரியர், ஜாரவா உள்ளிட்ட ஆறு பூர்வகுடிகள் மட்டுமே.

தீவுகளின் பூர்வகுடிகளுக்குத் தனிப் பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் கடல் தாண்டி வந்த குடும்பத்தின் நிலை என்ன? நிலமில்லாமை, படிப்பில்லாமை எல்லாம் கூடவே வருகின்றன. அதை ஈடுகட்ட உருவான சான்றிதழ் கரையிலேயே நின்றுவிடுகிறது.

அப்போ, எது சரி?

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் பழக்கத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் தீர்வு 'அறிவுரை'யோடு முடிந்துவிடும். மற்ற இரண்டும் அரசால் மாற்றக்கூடியவை: வேலைக்குப் பக்கத்தில் வீடு, கட்டுப்படியாகும் பேருந்து, இடம்பெயர்ந்தவருக்கும் செல்லும் உரிமை. ஆளெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்களால் மாற்ற முடிந்ததும் ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் முகவரியைக் கடைசியாகப் பாருங்கள்.